மாமாவின் வலது கண்ணும் படியில் நிற்பவர்களும்

கண் டொக்டர் கேட்ட கேள்விக்கு என் மாமனார் "ஓம்" என்றார். அதை நான் பிரெஞ்சில் "இல்லை" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பல மாதங்களாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பயத்தில் சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். மரியாதையில் சொன்னேன் என்று மறுநாள் தோன்றும். இரண்டும் இல்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் என்றும் சில நாள் நினைப்பேன். எது உண்மை என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். மாமி இறந்தபின் எங்களோடு வந்துவிட்டார். பாரிசின் லா ஷப்பலில், மெத்ரோ ரயில் பாலத்தின் மேலால் ஓடுகிற இடத்துக்கு எதிரே, மின்தூக்கி இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறோம். என் கணவருக்கு உணவகத்துச் சமையலறையில் வேலை. நான் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஆறு வயது மகள் ஆரணியைப் பள்ளியிலிருந்து அப்போது கூட்டி வந்தது மாமாதான். எங்கள் வீடு ஓடியதே அந்த ஏற்பாட்டில்தான். இதைச் சொன்னால்தான் நான் எதற்குப் பயந்தேன் என்பது விளங்கும்.

எல்லாம் ஆரணியின் கொப்பியில் தொடங்கியது. மாமா அவளுக்குத் தமிழ் எழுத்துப் பழக்குவார். ஒரு நாள் கொப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, கோடெல்லாம் நெளியுது. மலிவுக் கொப்பியே வாங்கினனீங்கள்?"

என் கணவர் வேறு கடையில் வாங்கி வந்தார். அதிலும் கோடு நெளிந்தது. மூன்றாவது கொப்பியிலும் நெளிந்தபோது, "அப்பா, பிரான்சிலை இனி நேர்க்கோடு கிடையாது, இதோடை சமாளியுங்கோ" என்று கணவர் பகிடி விட்டார். மூவரும் சிரித்தோம். கோடு நேராக இருக்கிறது, கண்தான் நெளிக்கிறது என்பது படித்தவளான எனக்குக்கூட உறைக்கவில்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பெண் மாமாவின் வலது கண்ணைப் பொத்திவிட்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். மாமா என் பக்கம் திரும்பினார்.

"எந்த எழுத்து? லைற்றை நூத்துப்போட்டு எழுத்தைக் கேக்கிறா."

லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. இடது கண்ணின் நடுப்பார்வை எப்போதோ போய்விட்டது. வலது கண் இரண்டுக்குமாக வேலை செய்ததால் அவருக்கே அது தெரியவில்லை. அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள்.

எனக்கு விளங்கிய அளவில் நோயைச் சொல்கிறேன். கண்ணின் பின்புறத்தில் ஒரு திரை இருக்கிறது. அதன் நடுவில் ஊசித்தலை அளவான ஓர் இடம். வாசிப்பதும், முகம் பார்த்து ஆளை அறிவதும் அந்த இடத்தால்தான். வயது போகும்போது சிலருக்கு அது தேய்கிறது. சிலருக்கு அதற்கு அடியில் தேவையில்லாத மெல்லிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. மாமாவுக்கு இரண்டாவது வகை. ஓரப்பார்வை போகாது. ஆள் நடமாடலாம், கதவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் இருக்காது. இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். வலது கண்ணைக் காப்பாற்ற ஊசி இருக்கிறது. கண்ணுக்குள்ளேயே போட வேண்டும், தவறாமல், அவர்கள் சொல்லும் இடைவெளியில்.

முதல் நாள் நிறையச் சோதனைகள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். அது எரியும், பிறகு பல மணி நேரம் வெளிச்சம் குத்தும். முகத்தை நீட்டி நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லித் திரையின் அடுக்குகளைப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்தால் மண்ணை வெட்டி ஓரத்தால் பார்ப்பதுபோல இருக்கும். சமமாக இருக்க வேண்டிய இடத்தில் மாமாவுக்கு ஒரு மேடு, அதற்குக் கீழே கறுப்பாக நீர். கடைசியாகக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டி, எங்கே கோடு நெளிகிறது என்று கேட்டார்கள். ஆரணியின் கொப்பி ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டொக்டர் என் வயதுப் பெண். மெதுவாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டுப் பேசினார். கடைசியில், சும்மா கேட்பதுபோல, "இல்லாத எதையாவது காண்கிறாரா? உருவங்கள், ஆட்கள்?" என்றார்.

நான் தமிழில் கேட்டேன். மாமா என் பக்கம் திரும்பினார். என் முகத்துக்கு ஒரு சாண் இடது பக்கமாகப் பார்த்தபடி சொன்னார்.

"ஓம் பிள்ளை, ஆக்கள் வருகினம். ஆனா அது இவைக்குச் சொல்லுற விசயமில்லை."

நான் டொக்டரிடம், "இல்லை, அப்படி எதுவும் இல்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

மெத்ரோவில் வரும்போது கேட்டேன். "மாமா, ஆர் வருகினம்?"

"ஆரெண்டு தெரியாது. எங்கடை ஆக்கள்தான். கன பேர். கதவுப் பக்கம் பாத்தபடி நிப்பினம். ஒண்டும் கதைக்கமாட்டினம்."

"உங்களுக்குப் பயமில்லையே?"

"ஏன் பயம்? உத்தரிக்கிற ஆத்துமாக்கள். செபம் கேட்டு வருகினம். குடுத்தாப் போயிடுவினம்."

நாங்கள் கத்தோலிக்கர். மோட்சம் போவதற்கு முன் உத்தரிக்கிற இடத்தில் காத்திருக்கும் ஆத்துமாக்களுக்காகச் செபிப்பதும், பூசை ஒப்புக்கொடுப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் என் வீட்டுக்குள் நிற்கிறார்கள் என்று ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்து சாதாரணமாகச் சொல்வது வேறு. அதைவிடப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"உம்மடை முகம் எனக்கு இப்ப வடிவாத் தெரியேல்லை பிள்ளை. ஆனா அவையின்ரை சட்டைத் தெறிகூடத் தெரியுது."

என் முகம் தெரியாதவருக்கு அவர்களின் பொத்தான் தெரிந்தது. அதன்பின் வீடு மாறிப்போனது. பொருள் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் மாமா சாப்பிட வரும்போது கூடத்தின் நடுவில் ஒருமுறை வளைந்து நடப்பார். யன்னலோரக் கதிரையில் இருக்க முன் ஒரு கணம் நின்று, யாரோ எழும்பிப் போகட்டும் என்பதுபோல் பொறுப்பார். ஒரு நாள் துணி காயப்போடப் போனபோது நானும் கூடத்தில் அதே இடத்தில் வளைந்து நடந்ததைக் கவனித்தேன். பகல் பதினொரு மணி. யன்னலுக்கு வெளியே மெத்ரோ போனது. பெட்டிக்குள் இருந்த எல்லா முகங்களும் எங்கள் பக்கம் பார்த்தபடி போயின.

கணவரிடம் சொன்னேன். அவர் தகப்பனுக்குக் கேட்காமல் குசினிக் கதவைச் சாத்தினார்.

"டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதேயும். அப்பாவுக்கு விசர் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு பள்ளிக்கூடத்திலை பிள்ளையை அவரோடை விடுவினமே?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் வாயால் கேட்டது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஊசிகள் தொடங்கின. கண்ணில் ஊசி என்றதும் எல்லாரும் நடுங்குகிறார்கள், அதனால் எழுதுகிறேன். விறைப்பதற்குச் சொட்டு விடுவார்கள். இமை மூடாதபடி சின்னக் கம்பி வைப்பார்கள். மஞ்சள் மருந்தால் கழுவுவார்கள். ஊசி ஏறுவது ஒரு கண நேரம். "எறும்பு மிதிச்ச மாதிரி" என்றார் மாமா. செலவைப் பற்றிக் கவலைப்படவேண்டி வரவில்லை, நீண்டகால நோய்க்கு அரசே செலவை ஏற்கும் கடதாசி கிடைத்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு விதமாகத் தாங்கினோம். கணவர் ஊசி நாளில் மத்தியான வேலையை மாற்றிக்கொண்டு வந்து, தகப்பனை நாலு மாடியும் கைபிடித்து ஏற்றுவார். ஆரணி தாத்தாவுக்கென்று தமிழ் எழுத்துகளை உள்ளங்கை அளவில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். மூன்று ஊசியில் படத்திலிருந்த மேடு வடிந்தது. வலது கண்ணை வைத்திருக்கலாம் என்றார் டொக்டர். செபப் புத்தகத்தின் பெரிய எழுத்தை மாமா மறுபடி வாசித்தார்.

மாமாவிடம் வந்தவர்கள் மட்டும் போகவில்லை.

ஐப்பசி கடைசியில் மாமா ஒரு கடித உறையோடு என்னிடம் வந்தார். கார்த்திகை, அதாவது நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயரை எழுதிக் கோவிலில் கொடுத்தால் மாதம் முழுக்கப் பூசையில் வைப்பார்கள்.

"நீர் எழுதும் பிள்ளை. எனக்கு வரி பிடிக்கேல்லை."

"ஆற்றை பேரை எழுத மாமா?"

"பேர் தெரியாது. ஆளைச் சொல்லுறன், எழுதும்."

எழுதினேன். காலில் செருப்பில்லாத இரண்டு பொடியன்கள். வெள்ளை வேட்டிக் கிழவர், கையில் மடித்த குடை. மூன்றாம் மாடிப் படியில் தலை ஈரத்தோடு ஒரு பெண், முந்தானைக் கரையில் சின்னச் சின்ன மீன். இப்படி ஒன்பது பேர். மூன்றாம் மாடியை நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கடக்கிறேன்!

"அடுத்த ஊசி எப்ப?" என்று கேட்டார்.

"பன்னிரண்டாம் திகதி."

"மார்கழிக்கு மாத்தும். இந்த மாதம் முழுக்க அவைக்கு எண்டு நேந்திட்டன். ஊசியோடை அவை போயிட்டா, செபம் அரைவாசியிலை நிண்டிடும். பாவமில்லே?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டொக்டரைக் கேட்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் டொக்டரிடம் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொன்னால் முதல் நாள் சொன்ன "இல்லை" வெளியே வரும். மற்றவர்களின் ரொந்தேவூவை, டொக்டரைச் சந்திக்கும் நேரத்தை, மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். என் வேலை மேசையிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அழைத்து, குடும்ப விசேசம் என்று சொல்லி, மூன்று கிழமை தள்ளிவைத்தேன். இரண்டு நிமிடம் எடுத்தது.

கார்த்திகை இருபத்தாறாம் திகதி காலை, தேத்தண்ணீர் கொடுக்கப் போனேன்.

"ஏன் பிள்ளை, உம்மடை முகத்திலை கறுப்புத் துணி?"

நான் எதுவும் போட்டிருக்கவில்லை. கண் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே நாலு மணி நேரம் காத்திருந்தோம். மாமா செபமாலை உருட்டினார். நான் நாள்களை எண்ணினேன். பன்னிரண்டிலிருந்து இருபத்தாறு.

எதிரே ஒரு கிழவியும் மகளும் இருந்தார்கள். பெரு நாட்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. கிழவி திடீரென்று மாமாவின் காலில் இருந்த சப்பாத்தைக் காட்டி ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"குறை நினைக்காதீர்கள். உங்கள் அப்பாவின் சப்பாத்தில் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் ஏறுகிறானாம். அம்மாவுக்கு அவர்கள் அடிக்கடி தெரிவார்கள்."

நான் உடனே கேட்டேன். "டொக்டரிடம் சொன்னீர்களா?"

"முதல் நாளே! டொக்டர்தான் சிரித்துக்கொண்டு, அது கண் செய்வது, புத்தி நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் ஆட்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது கண் நோய். ஒருவருக்குச் சர்க்கரையால், ஒருவருக்குக் கண் அழுத்தத்தால், அம்மாவுக்கு இது. அமெரிக்காவில் இருக்கும் என் சின்னம்மாவுக்கும் கண்தான். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த முதியவர்களிடம் இது நிறைய, பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்று அங்கே டொக்டர் சொன்னாராம். வயது என்று விட்டுவிடுவோம், இல்லையா? நீங்களும் அப்படித்தானா?"

"நாங்களும் அப்படித்தான்" என்றேன்.

உள்ளே போனதும் எங்கள் டொக்டரிடமே எல்லாம் சொன்னேன். முதல் நாள் மாமா "ஓம்" என்றதையும், நான் மாற்றியதையும், கார்த்திகையையும், உறையில் எழுதிய ஒன்பது பேரையும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கண் அனுப்பாத இடத்தை மூளை வெறுமையாக விடாது, தன்னிடம் உள்ளதை எடுத்து நிரப்பும் என்று விளக்கினார். அப்படி வருபவர்கள் பேசமாட்டார்கள், உண்மையானவர்களைவிடத் தெளிவாகத் தெரிவார்கள், விசர் இல்லை, மறதி நோயும் இல்லை. வந்தால் கண்ணை வேகமாகச் சிமிட்ட வேண்டும், விளக்கைப் போட வேண்டும், பார்வையை இடம் வலமாக அசைக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் நான் "ஓம்" என்றிருந்தால் இது ஐந்து நிமிடப் பேச்சு.

வலது கண்ணின் நடுவில் இரத்தம் கசிந்திருந்தது. அன்றே ஊசி போட்டார்கள். ஆனால் நடுப்பார்வையில் பெரும்பகுதி திரும்பவில்லை. "தள்ளிப்போட்டதாலா?" என்று கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன்.

வீட்டில் மாமாவுக்கு மெல்ல விளங்கப்படுத்தினேன். கடைசிவரை கேட்டார்.

"அப்ப நான் ஆருக்காகப் பிள்ளை செபிச்சனான்?"

மூன்று நாள் மாமா செபமாலையைத் தொடவில்லை. நாலாம் நாள் தானாகவே சொன்னார்.

"கந்தோரிலை விலாசம் இல்லாத கடிதம் வந்தா எறியிறேல்லை. ஒரு பெட்டியிலை வைச்சிருப்பம். ஆரோ ஒரு ஆள் கேட்டு வரும். நீர் அழாதேயும். மாத்தச் சொன்னது நான்."

அதற்குப் பிறகு நான் ஒளிக்கவில்லை. மரக்கறி வாங்கும் கடையில் மணி அண்ணையிடம் சொன்னேன். அவர் தராசிலிருந்து கையை எடுத்தார்.

"என்ரை அம்மாவும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டுதான் ரீவி பாக்கிறவ. ஸ்ரைலுக்குச் செய்யிறா எண்டு பேசினனான் தங்கச்சி!"

பின்னால் நின்ற, திரான்சி என்ற புறநகரிலிருந்து வரும் அக்கா ஒருவர் தன் மாமனார் கதவு நிலையில் முட்டுவதைச் சொன்னார். ஒரு கடையில், கால் மணி நேரத்தில், மூன்று வீடு. உங்கள் வீட்டு முதியவர்களுக்கு இன்றே ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். கட்டம் போட்ட கொப்பி ஒன்று போதும்.

மாமா இப்போது ஓரப்பார்வையால் நடமாடுகிறார். ஆரணியைப் பள்ளியிலிருந்து நான்தான் கூட்டி வருகிறேன், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதும், என்ரை பேரைப் போடாதேயும்" என்றார்.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை ஆரணியும் நானும் மட்டும் படி ஏறினோம். மூன்றாம் மாடியில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பையை முன்னால் அணைத்துப் பிடித்து, "பார்தோன், மதாம்" என்றாள், மன்னியுங்கள் அம்மா என்று. கடைத்தெருவில் பெரியவர்களிடம் வழி கேட்கும் அதே குரல். அங்கே யாரும் இல்லை. அவள் நிற்காமல் ஏறிப் போனாள்.

மாமாவிடம் கேட்டேன். "அந்தப் படியிலை நிக்கிற பெண்ணைப் பற்றி ஆரணிக்குச் சொன்னனீங்களே?"

"சின்னப்பிள்ளைக்கு நான் அதெல்லாம் சொல்லுவனே?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கண்ணிலை ரத்தம் வந்த பிறகு அவ வாறதும் இல்லைப் பிள்ளை" என்றார்.

அவர் சொல்லிவிட்டு மறந்திருக்கலாம். உறையில் எழுதும்போது நாங்கள் பேசியதை அவள் கேட்டிருக்கலாம். மாமா ஒதுங்குவதைப் பார்த்துப் பழகியிருக்கலாம். பிள்ளைகள் அப்படித்தான். அவளுக்கு ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன், கோடுகள் நேராக இருக்கின்றன என்றாள். ஆனால் யாரிடம் மன்னிப்புக் கேட்டாய் என்று மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், இல்லாத ஒன்றை நானே அவள் கண்ணில் வைத்துவிடுவேனோ என்று பயம். கேட்காவிட்டால், மறுபடியும் ஒரு "ஓம்" என்பதை "இல்லை" ஆக்கியவளாகிவிடுவேன். அடுத்த மாதம் மாமாவின் ஊசி. டொக்டர் வழக்கம்போலக் கேட்பார், மாமா சொல்வதை அப்படியே சொல்வேன். ஆரணி சொன்னதையும் சொல்லலாமா? அதுவரை மூன்றாம் மாடியில் நானும் கொஞ்சம் ஒதுங்கித்தான் ஏறுகிறேன். பிள்ளை வளர்த்தவர்கள், இப்படி ஒரு வீட்டில் இருந்தவர்கள், யாராவது எனக்குச் சொல்லுங்கள்: அவளிடம் நான் கேட்கலாமா, கேட்பதானால் எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும்?